பாறைக்குள் நிற்கிற தண்ணீர் பாறையையே பிளக்குமா?

கோண்டாவில்_கிணற்றடி

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவின் மகன் கனடாவில், ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் ஒரு சுரங்கத்தில் வேலை செய்கிறான். நிலத்துக்குக் கீழே ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். போன ஞாயிறு எடுத்துக் கதைத்தபோது சொன்னான், புதிதாகக் குடைந்துகொண்டு போகும் ஒரு வழியில் மூன்று நாள் வேலையை நிறுத்திவிட்டார்களாம். காரணம் தண்ணீர். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். சோதனைக்குப் போட்ட துளையில் நிமிடத்துக்கு இரண்டு வாளி!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வளவில் கிணறு வெட்டிய காலத்தில் சுண்ணாம்புக்கல்லை வெடி வைத்துப் பிளந்ததும் ஊற்று வந்து இடுப்பளவு நின்றது, மிசினைப் போட்டு இறைத்துக்கொண்டே அலவாங்கு பிடித்தார்கள், ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வாளிக்கு மூன்று நாளா? அவன் சொன்னது, "மாமா, வாளியைப் பார்க்கிறதில்லை, அமுக்க மீற்றரைப் பார்க்கிறது, 140 பார் காட்டினது" என்று. அதற்கு மேல் அவனுக்கு விளக்க நேரம் இல்லை, எனக்கும் விளங்கவில்லை.

என் கேள்வி இரண்டு. ஒன்று, கருங்கல்லை விட இறுக்கமான பாறையில் அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது? இரண்டு, கொஞ்சத் தண்ணீர் பாறையை என்ன செய்துவிடும்?

சுன்னாகம்_மெக்கானிக்

அண்ணை, வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று வேலையை நிறுத்துவார்கள். இரண்டு வாளிக்கு ஒரு சின்ன மோட்டர் காணும். நான் வந்து பூட்டிவிடுகிறேன், ரிக்கற் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

கரியத்_தூசி

மெக்கானிக் அண்ணா சிரிக்கலாம், ஆனால் அந்த மருமகன் சொன்னது சரி. நான் மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் படித்து, கொஞ்ச நாள் தெற்கில் ஒரு பென்சில்கரிச் சுரங்கத்தில் பயிற்சிக்கு நின்றவள். போகலையும் கஹட்டகஹவும் தெரிந்திருக்கும், நம் நாட்டில் உண்மையாகவே நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே இறங்கும் சுரங்கங்கள் அவைதான். அங்கேயும் பாறை நல்ல இறுக்கமான உருமாறிய பாறை, அங்கேயும் தண்ணீர் இறைக்காமல் ஒரு நாள் ஓடாது.

முதல் கேள்வி சுலபம். பாறைக் கட்டிக்குள் தண்ணீர் மிகக் கொஞ்சம். இருப்பது வெடிப்புக்குள். பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளாக நெளிந்தும் குளிர்ந்தும் வந்ததால் பாறை முழுதும் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடர்ச்சி மேலே வரை இருந்தால், கீழே இருக்கும் துளித் தண்ணீர் கூட தனக்கு மேலே நிற்கும் நீர்க்கம்பம் முழுவதின் பாரத்தையும் சுமக்கிறது. பத்து மீற்றருக்கு ஒரு பார், பார் என்பது அமுக்கத்தின் அலகு. ஒரு கிலோமீற்றருக்கு நூறு பார், அதாவது 10 மெகா பஸ்கால். ஒரு சதுர மீற்றர் சுவரில் ஆயிரம் தொன் சாய்ந்துகொண்டு நிற்கிற மாதிரி. வெடிப்பு எவ்வளவு ஒடுக்கம் என்பது இதற்குப் பொருட்டே இல்லை. ஒடுக்கமாக இருந்தால் வரும் தண்ணீர் குறையும், அமுக்கம் குறையாது.

இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது. வெடிப்பின் இரண்டு முகத்தையும் மேலே உள்ள பாறை சேர்த்து அமத்துகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றைப் பிரித்துத் தள்ளுகிறது. பாறை உண்மையில் உணர்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் பாறையின் பாரம் 26, 27 மெகா பஸ்கால். தண்ணீர் 10-ஐத் திருப்பித் தள்ளினால் மிச்சம் 16, 17. வெடிப்பு வழுக்காமல் பிடித்துக்கொண்டிருக்க உராய்வுக்குக் கிடைப்பது அந்த மிச்சம்தான்.

கோண்டாவில்_கிணற்றடி

தங்கச்சி, கணக்கு விளங்குகிறது. ஆனால் நீங்களே சொல்கிறீர்கள் பாறை 27, தண்ணீர் 10 என்று. அப்படியென்றால் பாறைதானே எப்போதும் வெல்லும்? வெடிப்பு மூடித்தானே இருக்க வேண்டும்?

கரியத்_தூசி

தொடாமல் விட்டால் அப்படித்தான் அண்ணா, மூடித்தான் இருக்கும். பிரச்சினை நாங்கள் ஓட்டை போடும்போது வருகிறது.

சுரங்கம் குடைந்தவுடன் அந்த இடத்தில் முன்னே பாரம் தாங்கிக்கொண்டிருந்த பாறை இல்லை. பாரம் சுற்றிக்கொண்டு பக்கத்தால் போகிறது. வட்டமான ஒரு வழியை எடுத்து, எல்லாப் பக்கமும் சமமாக அமத்துகிறது என்று வைத்தால், சுவரில் வட்டம் சுற்றிப் போகும் தகைப்பு, அதாவது பாறைக்குள் ஒரு பரப்பில் விழும் விசை, முன்னிருந்ததைப் போல இரண்டு மடங்கு. சுவருக்குச் செங்குத்தாக உள்ள தகைப்பு பூச்சியம், ஏனென்றால் எதிரே காற்றுத்தான் இருக்கிறது. இப்போது பாருங்கள், சுவரிலிருந்து ஒரு மீற்றர் இரண்டு மீற்றர் உள்ளே, சுவருக்குச் சமாந்தரமாக ஒரு வெடிப்பு இருக்கிறது என்று. அதை மூடிவைத்திருந்த 27 போய்விட்டது. உள்ளே நின்ற 10 ஒரேயடியாகப் போகவில்லை, கசிந்துதான் இறங்கும், அதற்கு நேரம் வேண்டும். யார் வெல்வது?

இதைவிட வில்லங்கம் ஒன்று. சுவரை நோக்கி ஓடி வரும் வெடிப்புகளை அந்த இரண்டு மடங்குத் தகைப்பு நெரித்து மூடிவிடலாம். அப்போது சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். பார்க்கிறவன் "தண்ணீரே இல்லை" என்று சந்தோசப்படுவான். ஆனால் கசிய வழி இல்லாததால் முழு அமுக்கமும் அந்த மெல்லிய தோலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அடுத்த வெடி வைக்கும்போது தோல் கிழிகிறது. என்னைக் கேட்டால், கசிகிற சுவரை விட காய்ந்த சுவருக்குத்தான் நான் பயப்படுவேன்.

ஓய்வுபெற்ற_பௌதிகவியல்

பிள்ளை அழகாகச் சொல்கிறார். பாறையோ மண்ணோ, மொத்தத் தகைப்பிலிருந்து உள்ளே நுண்துளைகளில் நிற்கும் நீரின் அமுக்கத்தைக் கழித்ததுதான் அதன் பலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை 1920களில் மண்ணுக்காக எழுதி வைத்தவர் கார்ல் டெர்சாகி. அதைப் பெரிய பாறைப் பிளவுகளுக்குக் கொண்டுபோனவர்கள் ஹபர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்கர்கள், 1959-இல்.

அதே 1959 டிசம்பர் 2 இரவு பிரான்சில் மால்பாசே அணை உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அணைச் சுவரின் கொங்கிறீற்றில் குற்றம் இல்லை. இடது கரையில் அணை சாய்ந்து நின்ற நைஸ் என்ற உருமாறிய பாறைதான் விட்டுக்கொடுத்தது. அணையின் தள்ளுகை அந்தப் பாறையின் வெடிப்புகளை நெரித்து மூட, தண்ணீர் போக வழியில்லாமல் அதற்குப் பின்னால் அமுக்கம் ஏறி, ஒரு பெரிய பாறை ஆப்பையே கிளப்பிவிட்டது என்பதுதான் பின்னாட்களில் பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். மேலே பிள்ளை சொன்ன காய்ந்த தோல் கதையேதான்.

உயர்தர வகுப்பில் உராய்வு படிப்பிக்கும்போது நான் இதைச் சொல்வது வழக்கம்: தண்ணீர் வெடிப்புக்குள் எண்ணெய் போலப் போய் வழவழப்பாக்குகிறது, அதனால்தான் பாறை வழுக்குகிறது.

கரியத்_தூசி

சேர், மரியாதையோடு ஒரு மறுப்பு. கடைசி வரி மட்டும் சரியில்லை. குவாட்ஸ் மாதிரிக் கனிமங்களின் உராய்வுக் குணகம் ஈரத்தால் பெரிதாகக் குறைவதில்லை, களிமண் நிரம்பிய பிளவு என்றால் வேறு கதை. தண்ணீர் செய்வது வழவழப்பாக்கும் வேலை இல்லை, தூக்கிப் பிடிக்கும் வேலை. மேலே இருப்பவனின் பாரத்தைத் தான் ஏந்திக்கொள்கிறது, அதனால் உராய்வுக்குப் பாரம் கிடைப்பதில்லை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வைத்தியம் வேறு. வழவழப்பு என்றால் ஒன்றும் செய்ய முடியாது. தூக்கிப் பிடித்தல் என்றால் அமுக்கத்தை இறக்கினால் பாறை திரும்பவும் இறுகும்.

ஓய்வுபெற்ற_பௌதிகவியல்

சரி, ஏற்றுக்கொள்கிறேன். முப்பது வருசம் பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் போல. பழைய மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொப்பியில் திருத்திக்கொள்ளுங்கள்.

தண்டனையாக ஒரு கதை. டென்வருக்குப் பக்கத்தில் ஓர் இராணுவ இரசாயனத் தொழிற்சாலை கழிவு நீரை விட 3,671 மீற்றர் ஆழத்துக்கு ஒரு கிணறு துளைத்தது. 1962-இல் தண்ணீரை உள்ளே தள்ளத் தொடங்கினார்கள். அதுவரை சும்மா கிடந்த ஊரில் நிலம் ஆடத் தொடங்கியது. தள்ளிய அளவும் ஆடிய கணக்கும் ஒன்றாக ஏறி இறங்குவதை 1965-இல் ஒரு புவியியலாளர் படம் போட்டுக் காட்டினார். 1966-இல் நிறுத்தினார்கள். ஆனால் மிகப் பெரிய அதிர்வுகள் வந்தது 1967-இல்! மூடி ஒரு வருசம் கழித்து. உள்ளே போன அமுக்கம் வெடிப்புகள் வழியே மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது, தூரத்தில் இருந்த பிளவைத் தொட அவ்வளவு காலம் எடுத்தது. பிறகு 1970களின் தொடக்கத்தில் கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் வேண்டுமென்றே அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள், ஏற்றினால் ஆட்டம், இறக்கினால் அமைதி. பிள்ளை சொன்னதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சுன்னாகம்_மெக்கானிக்

சரி சரி, அமுக்கம் பெரிய ஆள்தான். ஆனால் இரண்டு வாளி இரண்டு வாளிதானே? அது எப்படி வெள்ளமாக மாறும்?

கரியத்_தூசி

வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால் தண்ணீர் எத்தனை மடங்காகும் என்று நினைக்கிறீர்கள்?

சுன்னாகம்_மெக்கானிக்

இரண்டு. சரி, உங்கள் தொனியைப் பார்த்தால் நான்கு.

கரியத்_தூசி

எட்டு. அகலத்தின் கனத்தோடு ஏறும். 0.1 மில்லிமீற்றர் வெடிப்பு 0.3 ஆனால் 27 மடங்கு. இது இரண்டு தட்டையான தட்டுகளுக்கு இடையில் ஓடும் நீருக்கான கணக்கு, உண்மைப் பாறை கரடுமுரடு, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போக்கு இதுதான். ஆகவே அமுக்கம் வெடிப்பை ஒரு மயிரிழை திறந்தால் தண்ணீர் மடமடவென்று ஏறுகிறது. நாங்கள் குழாயை வாங்கிவந்து பூட்டினால் அதன் உள்விட்டம் மாறாது. பாறை அப்படியில்லை, ஓடுகிற தண்ணீரே தன் குழாயை அகட்டிக்கொள்கிறது.

அதிலும் வழுக்கின வெடிப்பு மோசம். ஒரு சிரட்டையை எடுங்கள், தேங்காய் உடைத்த இரண்டு பாதியையும் உடைந்தபடியே சேர்த்தால் இடைவெளி தெரியாமல் பொருந்தும். ஒரு பாதியைச் சற்றே திருப்பிவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். மேடு மேட்டின் மேல் ஏறி நிற்கும், எவ்வளவு அமத்தினாலும் மூடாது. பாறை வெடிப்பும் ஒரு முறை சில மில்லிமீற்றர் வழுக்கினால் அமுக்கம் குறைந்த பிறகும் திறந்தே இருக்கும்.

மூன்றாவது, நிரம்பிக் கிடக்கும் களி. பெரிய பிளவுகளுக்குள் அரைபட்ட பாறைத் தூளும் களியும் அடைத்துக்கொண்டிருக்கும், அது ஒரு தக்கை. தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவும். பழைய சுரங்கத் தொழிலாளர்கள் கசிவின் அளவைப் பார்க்க முதல் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக மாறினால் தக்கை கரைகிறது என்று அர்த்தம், சாமானை விட்டுவிட்டு ஏறிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு, தண்ணீர் வெடிப்பின் நுனியில் சிலிக்கனுக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள பிணைப்பையே மெல்ல அறுக்கும். அதனால் காய்ந்த பாறையில் நகராத வெடிப்பு ஈரத்தில் ஆறுதலாக நீளும்.

கோலார்_பேரன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம் இல்லை, பெங்களூரு. தாத்தா கோலார் தங்க வயலில் வேலை செய்தவர், அங்கே கீழே இறங்கினவர்களில் பெரும்பாலானோர் தமிழ்க்காரர்கள்தான். சாம்பியன் ரீஃப் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். தாத்தாவின் தலைமுறை பயந்தது தண்ணீருக்கு இல்லை, பாறை வெடிப்புக்கு, அதாவது சுவரே துப்பாக்கிச் சத்தத்தோடு சிதறுவதற்கு. கீழே போகப் போகச் சூடுதான் அதிகம், தண்ணீர் குறைவு என்று சொல்வார். 2001-இல் மூடினதும் பம்ப்பையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது பள்ளமெல்லாம் தண்ணீர்.

ஆழம் அதிகமானால் தண்ணீர் அதிகம் என்று யாரோ மேலே நினைத்த மாதிரி இருந்தது, அதற்காகத்தான் எழுதினேன்.

கரியத்_தூசி

நல்ல திருத்தம், நன்றி. ஓம், பொதுவாக ஆழத்தில் வெடிப்புகள் இறுகும், வரும் அளவு குறையும். அளவு குறைந்து அமுக்கம் ஏறுவதுதான் ஆழச் சுரங்கத்தின் ஏமாற்று வேலை.

எண்கள்_எங்கே

இந்தியாவில் பெரிய சாவு தண்ணீரால்தானே? சாஸ்னாலா, 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கம், 370-க்கும் மேலே. அப்புறம் 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கம், 65 பேரை இரும்புக் கூண்டில் ஒவ்வொருவராக மேலே எடுத்தார் ஜஸ்வந்த் சிங் கில். அதெல்லாம் இந்த மயிரிழைக் கதையா?

கரியத்_தூசி

இல்லை, அவை இரண்டும் பக்கத்தில் கைவிட்ட பழைய குழிகளில் தேங்கி நின்ற தண்ணீர் உள்ளே பாய்ந்த கதை. மயிரிழைக் கதைக்கு உதாரணம் வேண்டுமென்றால் வட சீனத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள். நிலக்கரிக்குக் கீழே கொஞ்ச மீற்றர் இறுக்கமான பாறைப் படை, அதற்குக் கீழே குகைகள் நிறைந்த பழைய சுண்ணாம்புக்கல், அதற்குள் அமுக்கத்தில் தண்ணீர். கரியை எடுக்க எடுக்கத் தளத்தின் மேல் இருந்த பாரம் போகிறது, தளம் மேலே பொம்முகிறது, வெடிக்கிறது, கீழே இருந்து தண்ணீர் ஏறுகிறது. 1984 ஜூன் 2-இல் ஃபான்கெச்சுவாங் சுரங்கத்தில் உச்சத்தில் நிமிடத்துக்கு 2,053 கன மீற்றர் வந்தது. ஒரு நாளுக்குள் சுரங்கம் மூழ்கிவிட்டது. அங்கே சுண்ணாம்புக்கல் குகை ஒன்று எப்போதோ இடிந்து, மேலே உள்ள படைகள் வரை நொறுங்கிய கல் தூண் மாதிரி ஏறி நின்றிருக்கிறது, தண்ணீருக்கு அது படிக்கட்டு.

எண்கள் கேட்டீர்கள். சீனாவில் ஒரு எளிய விதி வைத்திருக்கிறார்கள்: நீர் அமுக்கத்தை இடையில் உள்ள இறுக்கமான படையின் தடிப்பால் வகுக்க வேண்டும். பிளவு உள்ள இடத்தில் மீற்றருக்கு 0.06 மெகா பஸ்காலுக்கு மேல் போகக்கூடாது, குலையாத இடத்தில் 0.1. உதாரணமாக 3 மெகா பஸ்கால் தண்ணீர், 40 மீற்றர் படை என்றால் 0.075. பாறை முழுசாக இருந்தால் போகலாம், பிளவு குறுக்கிட்டால் போகக்கூடாது. இவ்வளவு கரடான விதியை நம்பி உயிரை வைப்பதா என்று கேட்டால், எனக்கும் அதே கேள்விதான். தகைப்பையோ வெடிப்பின் திசையையோ இது பார்ப்பதே இல்லை. ஆனால் சம்பவ இடத்தில் நிற்கிறவனுக்கு ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு வேண்டும், அந்த வகையில் பிழைத்துக்கொள்கிறது.

சுன்னாகம்_மெக்கானிக்

அப்போ வைத்தியம் நீங்களே சொல்லிவிட்டீர்களே. அமுக்கத்தை இறக்கினால் பாறை இறுகும். முன்கூட்டியே துளை போட்டு முழுவதையும் வடிய விடுங்கள், வெறும் பாறையில் நிம்மதியாகக் குடையலாம். எதற்கு மூன்று நாள்?

பதுளைக்காரன்

அண்ணே, அதை எங்க பக்கம் செய்து பார்த்துட்டாங்க, தெரியாமலே. ஆற்று நீரைச் சுரங்கம் வழியே திருப்பும் உமா ஓயாத் திட்டம். பண்டாரவளைப் பக்கம் 2014 கடைசியில் சுரங்கம் குடையும்போது தண்ணீர் பீறிட்டது. மேலே ஊர்களில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, ஆயிரக்கணக்கான வீடுகள். மக்கள் றோட்டுக்கு வந்தார்கள். அந்தத் திட்டம் 2024-இல்தான் திறந்தார்கள். தண்ணீர் வந்தது சுரங்கத்துக்குள், அடி மேலே இருந்தவங்களுக்குத்தான். வடிய விடுங்க என்று சொல்கிறவங்க மேலே யார் இருக்காங்க என்று ஒரு தடவை பார்க்கணும்.

ஓய்வுபெற்ற_பௌதிகவியல்

சுவர் ஏன் வெடித்தது என்பதற்கும் அதே கழித்தல் கணக்குத்தான். தண்ணீர் தாங்கிய பங்கை இப்போது பாறையும் மண்ணும் தாங்க வேண்டும், ஆகவே அமர்கிறது, எல்லா இடமும் ஒரே அளவு அமர்வதில்லை. சுவிற்சர்லாந்தில் செய்சியே என்ற 156 மீற்றர் உயர அணை 1978-இல் திடீரென்று கோணத் தொடங்கியது. தேடிப் பார்த்தால், ஒரு கிலோமீற்றருக்கும் அதிக தூரத்தில் ரவில் சுரங்கத்துக்காகக் குடைந்த சோதனை வழி மலைக்குள் இருந்த நீரை வடித்துக்கொண்டிருந்தது. வெடிப்புகள் மூட, மலையே பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கியது. கல்மலை!

கரியத்_தூசி

தென்னாபிரிக்காவில் இன்னும் மோசம். தங்கப் படைக்கு மேலே ஒரு கிலோமீற்றர் அளவுக்கு டொலமைற், நம் சுண்ணாம்புக்கல்லின் ஒன்றுவிட்ட சகோதரம். நீரை வடித்ததும் அதற்குள் இருந்த குகைகளின் கூரைகள் தாங்க ஆளில்லாமல் இடிந்தன. 1962 டிசம்பரில் மேற்கு டிரிஃபொன்ரைன் சுரங்கத்தில் ஒரு கல் உடைக்கும் ஆலையே பள்ளத்துக்குள் போனது, 29 பேர். 1964-இல் பக்கத்து ஊரில் ஒரு வீடு, குடும்பத்தோடு. அதே டிரிஃபொன்ரைனில் வடிக்காத பக்கத்திலிருந்து 1968 அக்டோபரில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது, கொங்கிறீற் அடைப்புகள் கட்டி மூன்று நாலு கிழமை போராடித்தான் சுரங்கத்தை மீட்டார்கள். வடித்தாலும் அடி, வடிக்காவிட்டாலும் அடி.

ரிம்மின்ஸ்_மருமகன்

மாமா இந்த இழையை அனுப்பினார். மூன்று நாள் என்ன செய்தோம் என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

நாங்கள் குடைவதற்கு முன் எப்போதும் முன்னுக்கு நீளத் துளை போட்டுப் பார்ப்போம். துளையின் வாயில் முதலில் ஒரு இரும்புக் குழாயைச் சீமெந்தால் இறுக்கி, அதில் வால்வு பூட்டி, அந்த வால்வுக்குள்ளாலேதான் மேற்கொண்டு துளைப்பது. தண்ணீர் அடித்தால் கம்பியை இழுத்துவிட்டு வால்வை மூடலாம். வால்வு இல்லாமல் நூறு பாரில் ஒரு துளை திறந்தால் கணக்குப்படி தண்ணீர் வினாடிக்கு 140 மீற்றர் வேகத்தில் வரப் பார்க்கும், உராய்வு கொஞ்சம் குறைக்கும், ஆனாலும் துளைக்கும் கம்பியை ஈட்டி மாதிரி எறிந்துவிடும். இரண்டு வாளி என்று மாமா சிரித்தது வால்வைக் கால்வாசி திறந்து வைத்து எடுத்த அளவு.

மூடிவிட்டு மீற்றர் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். ஒரே ஏற்றமாக ஏறி அப்படியே நின்றால் பின்னால் பெரிய தொடர்ச்சி. திறந்துவிட்டால் மளமளவென்று இறங்கினால் சின்னப் பொட்டணம், அதை வடியவிட்டுப் போகலாம். இந்த முறை இறங்கவே இல்லை. அதனால் சுற்றி விசிறி மாதிரித் துளைகள் போட்டுச் சீமெந்துக் கரைசல் தள்ளினோம். அதிலும் ஒரு கத்தி முனை இருக்கிறது. தண்ணீரின் அமுக்கத்தை விடக் கூடத் தள்ளினால்தான் கரைசல் உள்ளே போகும், மிஞ்சித் தள்ளினால் நாங்களே வெடிப்பைப் பிளந்துவிடுவோம். பிறகு காயவிட்டு, திரும்பத் துளைத்து, திரும்ப மீற்றர் பார்த்து, பிறகுதான் வெடி. அதுதான் மூன்று நாள்.

மெக்கானிக் அண்ணை, மோட்டரும் இருக்கிறது, அது வந்த தண்ணீருக்கு.

ஒரு புதினம். இந்தப் பக்கத்தில் கிட் கிரீக் என்ற சுரங்கத்தில் 2.4 கிலோமீற்றர் கீழே வெடிப்புகளில் அடைபட்ட தண்ணீர் நூறு கோடி ஆண்டுக்கு மேல் பழையது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். கடலைவிடப் பல மடங்கு உப்பு.

சுன்னாகம்_மெக்கானிக்

நூறு கோடி வருசத்துக்கு முன்னமே அங்கேயும் யாரோ மிசின் போட்டு இறைத்திருக்கிறான், உப்பு வந்துவிட்டது.

கோண்டாவில்_கிணற்றடி

மருமகன், இதை அம்மாவுக்குச் சொல்லாதே.

சரி, எல்லோரும் இவ்வளவு எழுதினதால் உண்மையைச் சொல்கிறேன், நான் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆவணி மாதத்தில் எங்கள் கிணறு அடிமட்டத்துக்குப் போகிறது. ஒருவர் வந்து, அடியில் வெடி வைத்து ஆறடி இறக்கினால் ஆழத்து ஊற்று அமுக்கத்தோடு மேலே வரும் என்கிறார். நீங்கள் சொன்ன கணக்குப்படி ஆழம் போனால் அமுக்கம் கூடத்தானே? அப்போ வருமா?

கரியத்_தூசி

அண்ணா, தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கே படித்ததை இங்கே பூட்ட முடியாது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, மழை நீர் அதைக் கரைத்துக் கரைத்து மயிரிழை எல்லாம் பொந்தாகவும் குகையாகவும் ஆகிவிட்டது. கையை விடக்கூடிய வழிகளில் தண்ணீர் சாவகாசமாக ஓடுகிறது. கீரிமலையில் கடற்கரையிலேயே நல்ல தண்ணீர் வந்து விழுவது அதனால்தான். தகைப்பு வெடிப்பைத் திறக்கிறதா மூடுகிறதா என்ற பேச்சே உங்கள் கிணற்றாழத்தில் இல்லை. ஆறடி இறக்கினால் ஆறடிக்குரிய அமுக்கம்தான் கூடும், தண்ணீர் பழைய மட்டத்துக்குத்தான் வந்து நிற்கும், மேலே பீறிடாது.

இங்கே பயப்பட வேண்டிய அமுக்கம் வேறு, கீழே நிற்கும் கடல் தண்ணீருடையது. நம் நல்ல தண்ணீர் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் அளவுக்கு உப்பை அமத்திவைத்திருக்கும். இது அசையாமல் நிற்கும் தண்ணீருக்கான கணக்கு, ஆனால் திருப்பிப் பாருங்கள்: இறைத்து மேல்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கினால் உப்பு நாலு மீற்றர் ஏறப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் அடியை இறக்குவதும் மிசினை இன்னும் கீழே வைத்து இறைப்பதும் அந்த உப்பை நோக்கித்தான். வெடி வைத்துப் புதுப் பொந்து ஒன்று திறந்து அது கீழே தொடர்புபட்டால் திரும்ப மூடச் சீமெந்துக் கரைசல் தள்ள இங்கே ஆள் இல்லை.

சுன்னாகம்_மெக்கானிக்

இதில் பகிடி இல்லை அண்ணை, அவர் சொல்வதைக் கேளுங்கள். மிசினைக் கீழே இறக்கித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப்பேர் அடுத்த வருசம் உப்புக் கறை பிடித்த இம்பெல்லரோடு வருகிறார்கள். ஒரே மூச்சில் இறைக்காமல் காலை கொஞ்சம் பின்னேரம் கொஞ்சமாக இறைத்துப் பாருங்கள் முதலில்.

கோண்டாவில்_கிணற்றடி

வெடிக்காரருக்கு முற்பணம் கொடுக்கவில்லை, நல்லவேளை. அடித் தண்ணீரின் உப்பை அளந்து பார்க்க வேண்டும் போல இருக்கிறது. யாரிடமாவது அந்தச் சின்ன மீற்றர் இருக்கிறதா, ஒரு நாளைக்கு இரவல்?

ஓய்வுபெற்ற_பௌதிகவியல்

என்னிடம் ஒன்று இருக்கிறது. பற்றரி இல்லை, அதை நீங்கள் வாங்கி வர வேண்டும். போத்தலில் மேல் தண்ணீர் ஒன்று, கயிறு கட்டி அடியிலிருந்து எடுத்தது ஒன்று, இறைக்க முதல் ஒரு தரம், இறைத்து முடித்த பின் ஒரு தரம், நாலு போத்தலிலும் பெயர் எழுதிக்கொண்டு வாருங்கள்.